மாநிலத்தின் பெயர் முதலில்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் உட்கார்ந்தபடி அமெரிக்க வழக்கறிஞர்களின் மனுக்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. அங்கே மத்திய அரசியல் சாசனம் போக, 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சாசனம் உண்டு. நம் நாட்டில் ஜம்மு காஷ்மீருக்கு மட்டும்தான் அப்படி ஒன்று இருந்தது, அதுவும் 2019 வரை. ஆகவே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

மனுவில் ஒரு மாநில சாசனத்தை மேற்கோள் காட்டி எழுதும் முறை சுலபம். மாநிலத்தின் பெயர், சாசனம், ஆர்ட்டிகிள் எண், செக்‌ஷன் எண். முதலில் மாநிலத்தின் பெயர். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறுமனே ‘சாசனத்தின்படி’ என்று எழுதினால் எந்தச் சாசனம் என்ற கேள்வி வரும்.

‘இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்பவர்களுக்கு மிச்சிகன் கதையைச் சொல்வேன். இரவு நேரம், ஒரு கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நிற்கிறது. ரோந்து வந்த போலீசார் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு வேட்டைக் கத்தி. தேடினால் முன்பக்கம் கஞ்சா. அப்புறம் டிக்கியைத் திறந்தார்கள்; அங்கே சுமார் 75 பவுண்டு! ஓட்டி வந்த லாங்குக்குத் தண்டனை கிடைத்தது. மிச்சிகன் உச்ச நீதிமன்றமோ தேடியதே செல்லாது என்றுவிட்டது.

வழக்கு வாஷிங்டனுக்கு, அதாவது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ‘இது மாநில சாசனத்தின்படி வந்த தீர்ப்பு, நீங்கள் தலையிட முடியாது’ என்றது லாங் தரப்பு. 1983இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மிச்சிகன் தீர்ப்பில் மாநில சாசனம் வந்தது இரண்டே இடத்தில். மற்றதெல்லாம் மத்திய சட்டத்தை ஒட்டிய வழக்குகள். அப்படியானால் நாங்கள் விசாரிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, காருக்குள் தேடியது செல்லும் என்று முடித்தார்கள். டிக்கி விவகாரத்தை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். ‘எங்கள் மாநில சாசனத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்’ என்று மிச்சிகன் நீதிபதிகள் ஒரு வரி தெளிவாக எழுதியிருந்தால், வாஷிங்டன் அதைத் தொட்டிருக்க முடியாது. இரண்டே இடம், நேயர்களே! அதனால்தான் மாநில சாசன வாதத்துக்குத் தனித் தலைப்புக் கொடுங்கள் என்கிறேன். மத்திய சாசனத்தோடு சேர்த்து, ‘மேலும் பார்க்க’ என்று வாலில் ஒட்டாதீர்கள்.

நான் சொன்ன வரிசைக்கு அடங்காத மாநிலங்களும் உண்டு. மாசசூசெட்ஸின் 1780ஆம் ஆண்டுச் சாசனத்தில் பாகம், அத்தியாயம் எல்லாம் வரும். கலிபோர்னியாவில் ஆர்ட்டிகிள் 13 வேறு, 13-ஏ வேறு. 1978இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டது 13-ஏ. அந்த ‘ஏ’ விழுந்துவிட்டால் வாதமே வேறு இடத்துக்குப் போய்விடும். மிச்சிகன் நீதிமன்றங்களோ மாநிலப் பெயரே இல்லாமல் ‘சாசனம் 1963’ என்று எழுதும். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்கிறார்கள், சரி. வெளியிலிருந்து எழுதும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஆண்டு விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பொது விதிப்படி, நடப்பில் உள்ள பிரிவுக்கு ஆண்டு வேண்டாம். நீக்கப்பட்டதென்றால் நீக்கிய ஆண்டு அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். சாசனமே மாறியிருந்தால் பழைய சாசனத்தின் ஆண்டும் வேண்டும். லூசியானா இதுவரை 11 சாசனம் பார்த்த மாநிலம். வணக்கம்.