பத்து நிமிடம் நிற்க வைத்துப் பாருங்கள்

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, இடம் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, டியூட்டி முடிந்த கையோடு வந்திருக்கும் செவிலியர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். கொரோனாக் காய்ச்சல் விட்டது. பலருக்குத் தூவானம் விடவில்லை. மூக்கு, மூளை, நாடியை நடத்தும் நரம்பு, இந்த மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மூக்கு. வாசனை போனபோது நரம்பே செத்துவிட்டது என்று பயந்தோம். ஆனால் வைரஸ் முக்கியமாகப் பிடிப்பது வாசனை நரம்பை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. பந்தல் சாய்ந்ததால் கொடி வாடியது. திரும்பாதவர்களுக்குப் பயிற்சி உண்டு: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி, காலையும் மாலையும், குறைந்தது 12 வாரம் முகர வேண்டும். ஒரு வாரத்தில் கைவிட்டால் பலன் தெரியாது.

அடுத்தது மூளை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 785 பேருக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இடையில் தொற்று வந்தவர்கள் 401 பேர். அவர்களுக்கு, வாசனையோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளில் மற்றவர்களைவிட 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதல் தேய்வு. பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் சேராதவர்கள்!

கொரோனாவுக்குப் பிறகும் விடாத இந்தத் தூவானத்துக்குப் பெயர் வைத்தது யார் தெரியுமா? டாக்டர் இல்லை. 2020 மே மாதம், எலிசா பெரெகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயில் கிடந்தபடி, ட்விட்டரில் 'லாங் கோவிட்', அதாவது நீடிக்கும் கோவிட், என்று எழுதினார். லேசான தொற்று இரண்டு வாரத்தில் சரியாகும் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். மண்ணுக்கடியில் கிடப்பதைத் தோண்டி வெளியே காட்டுவது தொல்லியல்காரர் தொழில். இங்கே அவர் தன் உடம்பையே தோண்டிக் காட்டினார். நோயாளிகள் ஒவ்வொருவராக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இலக்கணம் வகுத்தது 2021 அக்டோபரில்தான். நோயாளி சொன்னதைக் கேட்டதால் வந்த பெயர் அது, தாய்மார்களே!

மூன்றாவது நரம்பு. நம் ஊரில் என்ன நடக்கிறது? நின்றால் படபடப்பு, தலை கிறுகிறுப்பு, யோசனை ஓடவில்லை என்று வருபவரை உட்கார வைத்து பிபி பார்க்கிறோம். நார்மல். "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுகிறோம். மழை விட்டும் தூவானம் விடவில்லை; நாம் குடையைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

நான் கேட்பது ஒரு கட்டில், ஒரு சுவர், ஒரு பிபி மிஷின். 10 நிமிடம் படுக்க வைத்து நாடியும் பிபியும் குறியுங்கள். பிறகு சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் சுவரிலிருந்து சுமார் அரை அடி தள்ளி, அசையாமல் நிற்க வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 நிமிடம் எடுங்கள். பிபி இறங்காமல் நாடி மட்டும் நிமிடத்துக்கு 30 துடிப்பு கூடி அப்படியே நின்றால் அது நரம்பு சொல்லும் செய்தி. 12 முதல் 19 வயதென்றால் 40. மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தினால் தவறிப்போகும். காலை மாற்றி மாற்றி ஊன்றினாலும், நாடியைக் குறைக்கும் பிபி மாத்திரை போட்டிருந்தாலும் கணக்கு மறையும். மயங்கி விழலாம், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவும் இதே கணக்கைக் காட்டும், அவற்றையும் பாருங்கள்.

இன்னொன்று. வேலை செய்த மறுநாள் சுருண்டு விழுபவரிடம் "தினம் கூடக்கூட நடங்கள்" என்று சொல்லாதீர்கள். நோய் ஏறும்.

தலைமை மருத்துவர் அவர்களே, படுத்தபோது, 5-ஆம் நிமிடம், 10-ஆம் நிமிடம் என்று மூன்று எண்கள் நம் ஊர் ஓபி சீட்டில் ஏற வேண்டும். திங்கட்கிழமையே தொடங்கலாம்.