சட்டம் திருப்பிக் கொடுத்த துப்பாக்கிகள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆபத்தானவர் என்று கருதப்படுபவரின் துப்பாக்கியை அமெரிக்க நீதிமன்றங்கள் சிறிது காலம் வாங்கி வைப்பது சரியே என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணித் தோழர், "இனி மருமகள் கோபித்துக்கொண்டால் மாமனாரின் துப்பாக்கி போய்விடும்; இது சட்டமா, தொலைக்காட்சித் தொடரா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நகைச்சுவைக்காக நானும் தட்டினேன். ஐயா, தொடரில் ஒரு கன்னத்தில் அறைவதற்கே மூன்று வாரம் இழுப்பார்கள். கலிபோர்னியாவிலோ அந்த மூன்று வாரத்துக்குள், அதாவது 21 நாளில், மாமனாருக்கும் வாய்ப்பளித்து நீதிபதி விசாரித்தாக வேண்டும். மருமகள் பொய் மனுக் கொடுத்திருந்தால் அவர் மீதே குற்ற வழக்கு வரும். தெளிவான சான்று இல்லாவிட்டால் துப்பாக்கி மாமனாரிடமே திரும்பிவிடும்.

திரும்பிவிடும் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004 ஜனவரியில் இண்டியானாபோலிஸ் நகரில், மனநலம் குன்றிய ஒருவரின் துப்பாக்கிகளைக் காவல்துறை எடுத்துச் சென்றது. அவற்றை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாததால், எடுத்தவர்களே திருப்பிக் கொடுத்தார்கள். நடுவர் அவர்களே, இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள்: ஆபத்து என்று அறிந்து எடுத்தவர்கள், ஆபத்து என்று அறிந்தே கொடுத்தார்கள், கொடுக்க மறுத்திருந்தால் சட்டத்தை மீறியவர்கள் அவர்கள்தாம்! ஆகஸ்டில் அந்த மனிதர் தம் தாயைச் சுட்டுக் கொன்றார். பின்னர், ஜேக் லேர்ட் என்னும் காவலரையும் கொன்றார். அந்தக் காவலரின் பெயரால் 2005இல் இண்டியானாவில் சட்டம் வந்தது. கனெக்டிகட்டிலோ, லாட்டரி அலுவலகத்தில் 1998இல் நால்வர் கொல்லப்பட்டதை அடுத்து, 1999லேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சாவைப் பார்த்து எந்த மாநிலமும் விழித்துக்கொள்வதில்லை போலும்.

கலிபோர்னியா விழித்த கதையும் அதுதான். 2014இல், மகனின் காணொளிகளைக் கண்டு பதறிய ஒரு தாயின் கவலை காவல்துறையை எட்டியது. ஐலா விஸ்டாவில் அவன் தங்கியிருந்த வீட்டின் வாசலுக்கே வந்து காவலர்கள் பேசினார்கள். அவன் பணிவாகப் பதில் சொன்னதும் திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகள் உள்ளே அறையில் இருந்தன. மே 23 அன்று அவன் ஆறு பேரைக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டான். குடும்பத்தாரே நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் அதன் பிறகுதான் இயற்றப்பட்டது.

தோழருக்கு மருமகளின் கோபம் நினைவுக்கு வந்தது. எனக்கு அந்தத் தாயின் முகம்தான் வருகிறது. பெற்ற பிள்ளையின் மீது மனுக் கொடுக்கும் தாய், அவனைச் சிறைக்கு அனுப்பவா படியேறுகிறாள்? அவனை உயிரோடு வைத்துக்கொள்ளத்தானே ஏறுகிறாள்! 2014 மே மாதத்தில் அவளுக்கு அந்தப் படி இல்லை, நடுவர் அவர்களே.