மெரோவேயின் ஒற்றைக்கண் அரசி

நேயர்களுக்கு வணக்கம்.

சூடான் நாட்டில் நைல் நதிக் கரையில் குஷ் என்ற பழைய நாட்டின் தலைநகரமான மெரோவேயின் இடிபாடுகள் இருக்கின்றன. 1910இல் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் குழுவினர் அங்கே தோண்டியபோது, ஒரு கட்டடத்தின் வாசற்படிக்கு அடியில் வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை அது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்!

கி.மு. 25 வாக்கில் குஷ் நாட்டுப் படை எகிப்துக்குள் புகுந்து, இன்றைய அஸ்வான் பகுதியைப் பிடித்தது, அகஸ்டஸ் சீசரின் சிலைகளைத் தள்ளியது என்று கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். இந்தத் தலை அந்தச் சூறையில் வந்ததாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்போது குஷ் நாட்டை ஆண்ட அரசியைப் பற்றி ஸ்ட்ராபோ சொல்வது மிகக் கொஞ்சம். ஆண்மை மிக்கவர், ஒரு கண் பார்வை இழந்தவர், அவ்வளவுதான். அவர் தரும் ‘கண்டகே’ என்பதுகூட அரச குலப் பெண்களின் பட்டம்தான்.

இந்த ஸ்ட்ராபோ, எகிப்தை ஆண்ட ரோம ஆளுநர் ஒருவரின் நண்பர். வேறோர் ஆளுநரான பெட்ரோனியஸ் பத்தாயிரத்துக்கும் குறைவான காலாட்படையோடு 30,000 குஷ் வீரர்களை விரட்டினார், அவர்களின் நபாட்டா நகரை அழித்தார் என்கிறார். சரி, அவ்வளவு பெரிய வெற்றி என்றால், பிறகு சாமோஸ் தீவுக்கு வந்த குஷ் தூதர்கள் கேட்டதையெல்லாம் அகஸ்டஸ் ஏன் கொடுத்தார்? விதித்திருந்த கப்பத்தையே தள்ளுபடி செய்தாரே! இதையும் அதே ஸ்ட்ராபோதான் எழுதுகிறார். அடங்காத ஓர் அரசியோடு ரோம் சமரசத்துக்கு வந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

குஷ் மக்கள் தங்கள் தரப்பைச் சொல்லாமல் போய்விடவில்லை. மெரோவேக்கு அருகே ஹமதாப் என்ற இடத்தில் 1914இல் கிடைத்த பெரிய கல்வெட்டில் அரசி அமனிரேனாஸ், இளவரசர் அகினிதாத் என்ற பெயர்கள் இருக்கின்றன. ஒற்றைக்கண் அரசி இந்த அமனிரேனாஸ்தான் என்று பலர் கருதுவது இதையும் காலக் கணக்கையும் வைத்துத்தான். ரோமப் போரைப் பற்றியே அது பேசுகிறது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. காரணம், மெரோவே எழுத்துகளை நம்மால் ஒலிக்க முடிகிறது. மொழியோ அரைகுறையாகத்தான் புரிகிறது. ஒரே செய்தியை அந்த மொழியிலும் நமக்குத் தெரிந்த மொழியிலும் சொல்லும் நீளமான கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அமனிரேனாஸின் வார்த்தைகளையே கேட்டுவிடலாம். அதற்குச் சூடான் மண்ணில் தோண்ட வேண்டும். அங்கே 2023 ஏப்ரலில் போர் மூண்டதிலிருந்து, அகழாய்வுக் குழுக்கள் பல வேலையை நிறுத்திவிட்டு வெளியேறியிருக்கின்றன.

வணக்கம்.