முதலில் அடுப்பு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடலூருக்கு நான் முதன்முதலாகப் போனது என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு. மஞ்சள் துணிப்பையில் இரண்டு படி அரிசியும் ஒரு பூசணிக்காயும் எடுத்து வந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "சாமி எங்கே பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி பதில் சொல்லாமல் நேராக அழைத்துப்போய் நிறுத்தியது ஓர் அடுப்பின் முன்னால். வரிசையாக அண்டாக்கள். புகையால் கண் எரிந்தது. உள்ளே ஒருவர் முழங்கை வரை வியர்த்து, நீண்ட துடுப்பால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பாட்டி பையை ஒப்படைத்துவிட்டு அந்த நெருப்பைப் பார்த்துக் கைகூப்பினாள். அன்று எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அந்த அடுப்பைப் பற்றியும், அதை மூட்டிய இராமலிங்க அடிகளைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வள்ளலாரின் வரலாற்றை நீங்கள் ஓரளவு அறிந்திருப்பீர்கள். 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை காலமாகிவிட, தாய் குழந்தைகளோடு பொன்னேரிப் பக்கம் போய்ப் பிறகு சென்னைக்குக் குடிவந்தார். அண்ணன் சபாபதியின் ஆதரவில் வளர்ந்த பிள்ளை, பள்ளிப் பாடத்தில் மனம் ஒட்டாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடியதும், நடந்தே திருவொற்றியூர் போய்வந்ததும் பலரும் பாடிப் பரவிய செய்திகள். 1858-இல் சென்னையை விட்டுப் புறப்பட்டவர் வடலூருக்கு அருகே கருங்குழியில் தங்கினார். அங்கே தண்ணீரில் விளக்கெரித்த அற்புதத்தை அன்பர்கள் மெய்சிலிர்க்கச் சொல்வார்கள். என் மனம் அந்த விளக்கைவிட, சில ஆண்டுகள் கழித்து மூட்டப்பட்ட அடுப்பிடமே போய் நிற்கிறது.

அதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். வள்ளலார் பாடிய பாடல்கள் ஆயிரக்கணக்கில் ஏட்டிலும் தாளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது அவர் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளை மட்டுமே உண்பது என்று நோன்பு பூண்டார். செய்தி கருங்குழிக்கு எட்டியது. தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடப்பதை அந்த மனம் தாங்கவில்லை, இசைந்துவிட்டார். ஆனால் நூலில் தம் பெயரை இராமலிங்கசாமி என்று போட வேண்டாம், அது ஆரவாரமாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார். தாம் கையெழுத்திடும்போது 'சிதம்பரம் இராமலிங்கம்' என்பதோடு சரி. தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து வகுக்க, திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளிவந்தன. எத்தனை வாதத்துக்கும் வேண்டுகோளுக்கும் அசையாதவரை ஒருவருடைய பசி அசைத்திருக்கிறது! இந்த ஒரு செய்தி போதும், அவர் யார் என்று எனக்குக் காட்ட.

அதே 1867-ஆம் ஆண்டு, மே 23-ஆம் நாள், வடலூரில், பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அடுப்பின் நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. சமையல் முடிந்த நேரத்திலும் விறகு வைத்துக் காத்து வருகிறார்கள்.

அந்தக் காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 1866-இல் ஒரிசாவில் தொடங்கிச் சென்னை மாகாணத்தின் கடற்கரை மாவட்டங்கள் வரை பஞ்சம் கொன்று குவித்தது. பத்தே ஆண்டுகளில், 1876-இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. இரண்டு பஞ்சங்களுக்கும் நடுவில் மூட்டப்பட்ட அடுப்பு இது. 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற வரியை இன்று மேடைதோறும் கேட்கிறோம். பயிருக்கே வாடிய உள்ளம் என்று வியக்கிறோம். ஆனால் அடுத்து வருவதைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறோமே என்பது என் மனக்குறை. பசியினால் இளைத்து, வீடுதோறும் இரந்தும் பசி அறாது அயர்ந்த வெற்றரைக் கண்டு உளம் பதைத்தேன் என்று அந்தப் பாட்டு தொடர்கிறது. வீடு வீடாகக் கேட்டும் கிடைக்காமல் சோர்ந்து உட்கார்ந்துவிட்ட மனிதன்! வயல் வாடிய ஊரில், அடுத்து வாடுகிறவன் அவன்தானே. அப்படிப்பட்டவர்களைக் கண்ணெதிரே கண்டவர் எழுதிய வரி அது.

அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை இன்னும் படிக்காதவர்கள் ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். பசி வந்தவனுடைய உடம்பில் என்னென்ன நேர்கிறது என்று ஒரு வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதுபோல ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போவார். கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, கைகால் துவள்கின்றன, வயிறு பகீரென்று எரிகிறது. பிறகு, உணவு உள்ளே போனதும் இந்த உடம்பில் உயிர்க்களை திரும்பி முகம் மலர்கிற விதத்தைச் சொல்வார். அந்த மலர்ச்சியை அவர் கடவுள் இன்பத்தின் விளக்கமாகவே காண்கிறார். நம் பக்தி இலக்கியத்தில் இறைவனின் திருமேனியை அடிமுதல் முடிவரை பாடிய பாடல்கள் ஏராளம். பசித்த ஏழையின் உடம்பை இப்படி உறுப்பு உறுப்பாக எழுதிய அருளாளர் வேறொருவரை நான் அறியேன்.

பசி என்பதை அவர் ஏழையின் உடம்புக்குள் பற்றி எரிகிற நெருப்பு என்கிறார். அதைச் சோற்றால் அவிக்க வேண்டும் என்கிறார். உள்ளே எரிகிற நெருப்பை அவிக்க வெளியே ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். பாட்டி கைகூப்பியது எதை நோக்கி என்று இதைப் படித்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

சோறு போடும்போது வந்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார் என்று விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த நெறி. இன்று கேட்க எளிதாக இருக்கிறது. ஒருவர் தொட்ட தண்ணீரை இன்னொருவர் குடிக்காத 1867-இல், எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்று நடத்திக் காட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சாத்திரம் பேசி அதை அவர் நிறுவவில்லை. பசித்தவர்களை உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தருமச்சாலை தொடங்கியது 1867-இல். ஜோதி வழிபாட்டுக்கென்று எண்கோணமாக அவர் அமைத்த சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று. நடுவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். கோயில் கட்டிக் குடமுழுக்கு செய்து, அதன்பின் வசதி இருந்தால் அன்னதானம் என்பது நாம் பழகிய வரிசை. அவர் வரிசையில் முதலில் அடுப்பு; பிறகுதான் சபை. சபையில் ஜோதியை மறைத்து நிற்கும் ஏழு திரைகளையும் விலக்கி அதைக் காணப் போகிறவன் தருமச்சாலையில் யாராவது பசியோடு இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லாமல் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். சபையின் வாயிலிலோ, கொலையும் புலாலும் தவிர்த்தோர் மட்டும் உள்ளே புகலாம் என்ற கட்டளை இருக்கிறது. தருமச்சாலையில் அந்தக் கட்டளையும் கிடையாது. பசித்தவர் எவரானாலும் வரலாம்.

1873 அக்டோபர் 22 அன்று, வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேசியபோது, சைவத்தில் தாம் முன்பு வைத்திருந்த பற்றுக்கு அளவே இல்லை என்றும், இப்போது அந்தப் பற்று தம்மை விட்டுப் போய்விட்டது என்றும் மறைக்காமல் சொன்னார். தம்மை மேலேற்றியது தயவு ஒன்றுதான் என்றார். ஐம்பது வயதில், ஆயிரக்கணக்கில் தோத்திரம் பாடிய ஒருவர், கூடியிருந்த தம் அன்பர்கள் முன்னே இப்படிச் சொல்வது எளிய காரியமா? 1874 ஜனவரி 30-ஆம் நாள், தைப்பூச நாளன்று, அங்கேயே ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட அரசிதழ்க் கையேடும் (கெசட்டியர்) இதைக் குறித்து வைத்திருக்கிறது. வள்ளலார் ஜோதியில் கலந்தார் என்று அன்பர்கள் வணங்குகிறார்கள். நானும் அப்படியே வணங்குகிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவர் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளில் தாது வருஷம் வந்தது. அடுப்பு எரிந்தது. அதன்பின் புயல்கள் வந்தன, வெள்ளம் வந்தது, விறகுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. ஊர்க்காரர்கள் பிடி பிடியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்; இன்றும் கொடுக்கிறார்கள். அக்டோபர் 5-ஆம் நாளைத் 'தனிப்பெருங்கருணை நாள்' என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன்.

சென்ற முறை நான் வடலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. பந்தி முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெரியவர் மட்டும் அடுப்பருகே குந்தியிருந்தார். "சமையல்தான் முடிந்துவிட்டதே ஐயா, இன்னும் தூங்கப் போகவில்லையா?" என்று கேட்டேன். ஒரு விறகுக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, "விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள் தம்பி, சாப்பிட்டீர்களா?" என்றார்.