பிளாஸ்கோவிட்ஸ்: மேலோங்கி நின்றது கடமையுணர்வே!

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஜெர்மன் தளபதி யோஹான்னஸ் பிளாஸ்கோவிட்ஸின் ராணுவ வாழ்க்கையில் மேலோங்கி நின்றது மனசாட்சியா, கடமையுணர்வா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் மனசாட்சியே என்று சொல்லி, போலந்தில் நடந்த கொலைகளை எதிர்த்து 1940-இல் அவர் எழுதிய அறிக்கையை எடுத்து வைத்தபோது அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் நண்பரே, 1940-க்கு அப்புறம் இன்னும் ஐந்து வருஷம் போர் நடந்ததே, அதை ஏன் தொடாமல் உட்கார்ந்துவிட்டீர்கள்?

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1883-இல் கிழக்குப் பிரஷ்யாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, சிறுவனாகவே கேடட் பள்ளி என்ற ராணுவப் பயிற்சிப் பள்ளிக்குப் போனவர். முதல் உலகப் போரில் இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கினார். தோற்ற ஜெர்மனியின் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியபோதும் உள்ளேயே வைத்துக்கொள்ளப்பட்டார். பேரரசர் கைசர் போனார், குடியரசு வந்தது, அதுவும் போய் ஹிட்லர் வந்தார், இவர் சீருடையைக் கழற்றவில்லை. 1934 ஆகஸ்டில் ராணுவம் முழுக்க ஹிட்லர் என்ற தனிமனிதரின் பெயரில் சத்தியம் செய்தபோது இவரும் செய்தார்.

1939 செப்டம்பரில் போலந்துக்குள் புகுந்த எட்டாவது ராணுவத்துக்கு இவர்தான் தளபதி. பிசுரா ஆற்றங்கரையில் போலிஷ் படை திருப்பி அடித்தபோது முதலில் திணறியது இவர் படைதான். கடைசியில் செப்டம்பர் 28 அன்று வார்சாவின் சரணாகதியை வாங்கியவரும் இவர்தான். படை முன்னால் போகப் போக, பின்னாலேயே நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ். ஆட்கள் வந்து ஆசிரியர்களையும் பாதிரிமார்களையும் யூதர்களையும் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பார்த்துத்தான் இவர் நவம்பரில் ஒரு அறிக்கையும் பிப்ரவரியில் இன்னொன்றும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பாணியில் போர் நடத்த முடியாது என்று ஹிட்லர் சீறியதாக அவருடைய ராணுவ உதவியாளர் ஏங்கல் குறித்து வைத்திருக்கிறார். அது துணிச்சல்தான், நான் மறுக்கவில்லை. அந்தத் துணிச்சலுக்கு அவர் விலையும் கொடுத்தார்: 1940 மே மாதம் போலந்துப் பொறுப்பு பறிபோனது, ஜூலையில் 12 பேரை ஒரே நாளில் ராணுவத்தின் உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் ஆக்கியபோது இவர் பெயர் இல்லை, அதற்குப் பிறகும் அந்தப் பதவி கிடைக்கவே இல்லை.

சரி, அந்தப் பிப்ரவரி அறிக்கையில் என்ன இருந்தது? படைவீரர்கள் எஸ்.எஸ்ஸை அருவருப்போடும் வெறுப்போடும் பார்க்கிறார்கள் என்று இருந்தது. கொலையும் கொள்ளையும் பழகினால் நம் ஆட்களே கெட்டுப்போவார்கள் என்று இருந்தது. எதிரியின் பிரசாரத்துக்கு நாமே தீனி போடுகிறோம் என்று இருந்தது. நண்பர் விட்டுவிட்ட ஓர் இடமும் அதில் இருக்கிறது: இப்போது நடப்பது போல யூதர்களையும் போலிஷ் மக்களையும் பத்தாயிரக்கணக்கில் வெட்டிச் சாய்ப்பது தவறான வழி, ஏனென்றால் ஜனத்தொகையைப் பார்த்தால் இப்படியெல்லாம் செய்து போலந்து என்ற எண்ணத்தையும் அழிக்க முடியாது, யூதர்களையும் ஒழிக்க முடியாது என்கிறார். நடுவர் அவர்களே, இந்த வாதத்தைக் கவனியுங்கள். கொல்லப்பட்டவருக்காக அழுகிற குரலா இது? ராணுவத்தின் பெயரும் ஒழுங்கும் கெடுகிறதே என்று பதறுகிற அதிகாரியின் குரல்தானே இதில் ஓங்கிக் கேட்கிறது! மனசாட்சி இருந்தது, ஆனால் அது பேசியபோதும் கடமையின் மொழியில்தான் பேசியது.

கும்பகர்ணனை நண்பர் துணைக்கு அழைத்தார். அண்ணனுக்குப் புத்தி சொன்னான், கேட்கவில்லை என்றதும் செஞ்சோற்றுக் கடனுக்காகப் போருக்குப் போனான், அவனை நாம் பழிப்பதில்லையே என்றார். பழிப்பதில்லை, உண்மைதான். ஆனால் அவனைக் கொண்டாடுவது புத்தி சொன்னதற்காகவா, கடன் தீர்த்ததற்காகவா? நண்பர் என் அணிக்குத்தான் சாட்சி கொண்டுவந்திருக்கிறார். அதிலும் கும்பகர்ணன் தன் தலையைக் கொடுத்துக் கடன் தீர்த்தான். இந்தத் தளபதி தீர்த்த கடனுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஊர் ஊராக இருந்த மற்றவர்கள்.

அறிக்கைக்குப் பிறகு என்ன செய்தார்? பிரான்சின் மேற்குக் கடற்கரையில் முதலாவது ராணுவத்துக்குத் தலைமை ஏற்று 1944 வரை ஆக்கிரமிப்பைக் காவல் காத்தார். அப்புறம் தெற்கு பிரான்சைப் பிடித்துவைத்திருந்த ஜி ராணுவக் குழுவுக்குத் தலைவரானார். அந்த ஜூன் மாதம் ஒராதூர் கிராமத்தில் எஸ்.எஸ். படை 600-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது. உத்தரவு இவருடையது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் போலந்தில் கண்ணால் பார்த்துக் கொதித்த மனிதர், அதே ஆட்கள் நடமாட இடம் பிடித்துக் கொடுக்கும் வேலையை நாலு வருஷம் கழித்தும் செய்துகொண்டிருந்தார்.

வேலையை விட்டிருந்தால் கொன்றிருப்பார்கள் என்கிறது எதிரணி. லுட்விக் பெக் ராணுவத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர், இவரைப் போலவே முதல் உலகப் போரைப் பார்த்தவர். ஹிட்லரின் போர்த் திட்டம் பிடிக்காமல் 1938 ஆகஸ்டில் பதவி விலகினார், யாரும் அவரைக் கொல்லவில்லை. அவர் உயிர் போனது 1944 ஜூலை 20 அன்று, ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் இறங்கிய பிறகு. அந்தச் சதியில் பிளாஸ்கோவிட்ஸ் இல்லை.

பெக்கைக் கூட விடுங்கள். 1944 செப்டம்பரில் பிளாஸ்கோவிட்ஸையே பதவியிலிருந்து தூக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். வயது 61, போர் தோற்றுக்கொண்டிருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிசம்பரில் கூப்பிட்டார்கள், போனார்! என் கட்சிக்கு இந்த ஒரு பயணம் போதும். ஜனவரியில் நெதர்லாந்துப் பக்கம் அனுப்பினார்கள், அங்கே மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 17 அன்று, அவர் பொறுப்பில் இருந்த பகுதியில், வீரிங்கர்மேர் என்ற தாழ்நிலத்தின் அணையை ஜெர்மன் ராணுவம் வெடிவைத்து உடைத்து விளைநிலத்தை மூழ்கடித்தது. எட்டு நாள் கழித்து ஹிட்லர் இவருடைய வீரப்பதக்கத்துக்கு வாள் சின்னம் சேர்த்துக் கொடுத்தார். மாத இறுதியில் நேச நாட்டு விமானங்கள் உணவு போட ஜெர்மன் தரப்பு இடம் கொடுத்தது, மே 5 அன்று வாகெனிங்கனில் கனடா தளபதி சார்லஸ் ஃபூல்க்ஸைச் சந்தித்துச் சரணடைந்தார். அந்த நாட்களின் நன்மையை நான் குறைக்கவில்லை, அது மிகத் தாமதமாக வந்தது என்கிறேன்.

1948 பிப்ரவரி 5 அன்று நியூரம்பர்க்கில் போர்க்குற்ற விசாரணை தொடங்கிய நாளிலேயே சிறையில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதை நண்பர் மனசாட்சிக்குச் சான்றாகக் காட்டினார். அந்த மரணத்தை நான் வாதத்துக்கு எடுக்க மாட்டேன், இரு அணியும் எடுக்காமல் இருப்பதே முறை. அவர் ஏற்ற பதவிகளையும் நடத்திய படைகளையும் வைத்து, மேலோங்கி நின்றது கடமையுணர்வே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.