22 பாகம் ஆழத்தில் ஒரு கைத்தூண்டில்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். பொழுதுபோக்காக ஆழ்கடலில் மீன் பிடிக்க விரும்பும் ஒருவர் அதை எங்கிருந்து, எப்படித் தொடங்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கடற்றொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் போர் முடிந்து கடல் மீண்டும் திறந்துவிடப்பட்ட நாள் முதல், காற்று இடங்கொடுக்கும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

ஆழ்கடல் மீன்பிடி என்றதும், பலநாட் கலங்களில் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிழமைக்கணக்கில் சூரை மீனுக்குப் போகிறவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். அது அவர்களுடைய வயிற்றுப்பாடு. நான் பேசப்போவது, விடியமுன் புறப்பட்டு மதியத்துக்குள் கரை திரும்பும் ஒருநாட் பயணத்தைப் பற்றியது.

முதலில் ஆழம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். குடாநாட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். ஆனால் எல்லாப் பக்கமும் ஆழம் கிடையாது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வலை பார்க்கிறவர்களை நீங்கள் எல்லோரும் பண்ணைப் பாலத்தால் போகும்போது கண்டிருப்பீர்கள். அதற்கு அப்பால் விரியும் பாக்கு நீரிணை, கரை தெரியாத பெருங்கடலாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், அதன் பெரும்பகுதியில் நன்றாக வளர்ந்த ஒரு பனையைக் கடலடியில் நட்டு நிறுத்தினால் வட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். ஆழத்தைத் தேடுகிறவர் பருத்தித்துறை முனையைத் தாண்டிக் கிழக்கே பார்க்க வேண்டும். தாளையடி, உடுத்துறை, கட்டைக்காடு என்று தெற்கே இறங்கிச் செல்லும் வடமராட்சி கிழக்குக் கரை வங்காள விரிகுடாவை நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாயில்வரை வந்துவிடுவதால் அங்குள்ளவர்களுக்கு ஆழம் வாசலிலேயே கிடைக்கிறது. நாங்கள் அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. மயிலிட்டித் துறை போரினால் 1990இல் மக்களுடைய கையை விட்டுப் போய், 2017இல்தான் திரும்பி வந்தது. அந்த 27 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் கடற்கரை ஊரவர் என்ற பெயரோடு, கடலில் கால் நனைக்காமலே பெரியவர்களானார்கள். நான் படிப்பித்த வகுப்புகளிலேயே, கடல் இரைச்சல் கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாத பிள்ளைகள் பலர் இருந்தார்கள். இந்தப் பொழுதுபோக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே முதற் காரணம். கடலுக்குப் போக விரும்பும் இளையவர்கள் முதலில் நீந்தப் பழகுங்கள். அதற்குப் பிறகுதான் தூண்டில்.

இனி என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். தொடங்குகிறவர் பலர் செய்யும் முதற் காரியம், வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் சொல்லி விலையுயர்ந்த கோலும் றீலும் வாங்கி அனுப்புவிப்பதாகும். அவை நல்ல கருவிகள்தான். ஆனாலும் முதல் ஓராண்டுக்கு அவற்றைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கைத்தூண்டிலோடு போங்கள் என்பதே என்னுடைய உறுதியான கருத்து. ஒரு மரக்கட்டையில் சுற்றிய 100 பாகம் நீளமான தங்கூசி என்னும் நைலோன் நூல், சில ஈயக்குண்டுகள், ஒரு கை நிறையத் தூண்டில்கள், இரைக்குக் கொஞ்சம் கணவாயும் சூடை மீனும் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் முதற் பயணத்தைச் சொல்ல வேண்டும். என்னை அழைத்துச் சென்ற தண்டையல், அதாவது வள்ளத்தை ஓட்டுபவர், அறுபது வயதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணை என்றும், அவர் என்னை மாஸ்ரர் என்றும் அழைப்போம். அன்று விடியமுன் நாலு மணிக்குப் புறப்பட்டு, கிழக்கு வெளிக்கும் நேரத்தில், கரையிலுள்ள பனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புக் கோடாகத் தெரியும் தூரத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். ஈயத்தை என் கையில் தந்து, எண்ணிக்கொண்டே இறக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். நான் எண்ணி இறக்கினேன். 22 பாகத்தில் ஈயம் நிலத்தைத் தொட்டது. அவர் தன்னுடைய தூண்டிலை இறக்கி, 24 பாகம் என்றார். ஒரே வள்ளம், ஒரே இடம், இரண்டு கணக்கு. கணித ஆசிரியனாகிய எனக்கு அது பொறுக்கவில்லை. கரைக்கு வந்தபின் இருவருடைய கை விரிப்பையும் அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். என்னுடையது 6 அடி. அவருடையது ஐந்தரை அடி. என் 22 பாகமும் அவருடைய 24 பாகமும் ஒரே 132 அடிதான். ஏறத்தாழ 40 மீற்றர். நேயர்களே, தூண்டில் வாங்குவதற்கு முன்பாக உங்கள் கை விரிப்பை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டையல் உங்களுக்கு ஆழம் சொன்னால், அது அவருடைய கையால் அளந்த ஆழம் என்பதை மறவாதீர்கள். தங்கூசியில் 10 பாகத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தால் இருட்டிலும் விரலில் தட்டுப்படும்.

அன்று அவர் சொன்ன ஒரு வசனம் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "மாஸ்ரர், கண்ணாலை பாத்தது காணும். இனி விரலாலை பாருங்கோ" என்றார். தங்கூசியைச் சுட்டுவிரலின் மேல் மெல்லக் கிடத்தி, ஈயத்தை அரை முழம் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. வள்ளம் நீரோட்டத்தோடு நகர நகர, விரலில் வேறுபாடு தெரியத் தொடங்கியது. சேற்றில் ஈயம் சத்தமில்லாமல் புதைந்து, தூக்கும்போது யாரோ மெதுவாகப் பிடித்து விடுவதுபோல் ஒட்டி ஒட்டி வரும். மணலில் விழுந்தால் ஒரு மெத்தென்ற தட்டு. பாறையில் விழுந்தால், 40 மீற்றர் கீழே பட்ட அடி 'டொக்' என்று நகக்கண்ணில் தெறிக்கும். மேலே இழுத்து ஈயத்தைப் பார்த்தால் அதில் புதுக் கீறல்கள் மினுங்கும். அந்தக் கீறலைக் காட்டி, இதுதான் மீன் இருக்கும் இடம் என்றார். கலவாயும் விளைமீனும் பாறையை அண்டியே வாழ்கின்றன.

மீனும் விரலோடுதான் பேசுகிறது. விளைமீன் இரண்டு மூன்று தரம் கொத்திப் பார்த்துவிட்டே இழுக்கும். கலவாய் அப்படியல்ல, ஒரே வாயாக விழுங்கிக்கொண்டு தன் பொந்துக்குத் திரும்பும். அந்தக் கணமே இரண்டு பாகம் இழுத்துவிடாவிட்டால் அது பொந்துக்குள் நுழைந்து செட்டைகளை விரித்து இறுகிக்கொள்ளும். பிறகு நூலை அறுப்பதைத் தவிர வழியில்லை. இந்த வேறுபாடுகளைக் கோலின் நுனியிலும் பார்க்கலாம். ஆனால் விரலில் ஒருமுறை பழகியவருக்கே கோலின் நுனி அசைவது எதனால் என்று விளங்கும். அதனால்தான் மீண்டும் சொல்கிறேன், முதல் ஆண்டு கைத்தூண்டில்.

கைத்தூண்டிலில் ஓர் ஆபத்தும் உண்டு. என் வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டாம் ஆண்டில், பிடி நன்றாக இருக்கும் என்று எண்ணித் தங்கூசியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். ஒரு பெரிய பாரை மீன் பிடித்துக்கொண்டு ஓடியது. சுற்று இறுகித் தோலை அறுத்து உள்ளே போய்விட்டது. தண்டையல் பாய்ந்து நூலை வெட்டியிராவிட்டால் விரல்களின் நரம்பு போயிருக்கும் என்று பிறகு வைத்தியர் சொன்னார். எந்தக் காரணத்துக்காகவும் நூலைக் கையில் சுற்றாதீர்கள். காலடியில் கிடக்கும் நூல் வளையத்துக்குள் காலையும் வைக்காதீர்கள். பழைய சைக்கிள் ரியூபை விரலளவுக்கு வெட்டிச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் போட்டுக்கொண்டால், ஓடும் நூல் சுடாது.

முடிச்சுகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அவற்றை வானொலியில் சொல்லி விளக்க முடியாது. துறையடிக்குப் போய் யாராவது ஒருவரின் அருகே கால் மணி நேரம் இருந்தால் பழகிவிடலாம். முடிச்சை இறுக்குமுன் உமிழ்நீரால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் தங்கூசி சூடேறி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும்.

அடுத்தது காற்று. செய்தியின் முடிவில், 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக' என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கை வாசிக்கப்படும்போது நம்மில் பலர் வானொலியை நிறுத்திவிடுகிறோம். கடலுக்குப் போகிறவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிப்பது கரையில் நின்றாலே தெரியும். யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது சோழகம். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, வடமராட்சிக் கரைக்கு நிலத்திலிருந்து கடலை நோக்கி வருகிறது. ஆகையால் கரையோரத் தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடக்கும். போகும்போது காற்று முதுகில் தள்ளும். அரை மணி நேரத்தில் நெடுந்தூரம் போய்விடுவீர்கள். திரும்பும்போதுதான் அலை முகத்தில் அடிக்கும், எரிபொருள் இரட்டிப்பாகச் செல்லும். இடையில் இயந்திரம் நின்றால் காற்று வள்ளத்தைக் கரையிலிருந்து அப்பாலேயே கொண்டுபோகும். ஆகவே கரையோரக் கடல் அமைதியாகக் கிடக்கிறது என்பதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். கரையில் நிற்கும் பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். தொடங்குகிறவர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே ஏற்றவை.

எரிபொருளுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கொண்டுபோவதில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு. பதிவு இலக்கம் எழுதப்பட்ட வள்ளத்தில், அந்தக் கடலைத் தெரிந்த தண்டையலோடு மட்டும் போங்கள். உங்களுடைய தேசிய அடையாள அட்டையும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும், துடுப்பும், குடிதண்ணீரும் வள்ளத்தில் இருக்கட்டும். அங்கி வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் மடித்துக் கிடந்தால் பயனில்லை; உடம்பில் இருக்க வேண்டும். சிறிது தூரத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி வேலை செய்யாது என்பதால், கடல் வானொலிக் கருவி ஒன்று வள்ளத்தில் இருப்பது நல்லது; அதில் 16ஆவது அலைவரிசை உலகெங்கும் ஆபத்து அழைப்புக்காக ஒதுக்கப்பட்டது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டிலும், அந்தத் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். சங்கத்தில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அன்றைக்கு எவருடைய வலை எங்கே கிடக்கிறது என்பதை அங்கேதான் அறியலாம். நம்முடைய பொழுதுபோக்குக்காக ஒருவருடைய வலைக்கு மேலால் வள்ளம் ஓட்டுவது பெரும் அநியாயம். பிடித்த மீனைச் சந்தையில் விற்பதும் அப்படித்தான். வீட்டுக்கும் அயலுக்கும் போதுமான அளவு பிடித்ததும் தூண்டிலைச் சுற்றிவிடுங்கள்.

கடல் மயக்கம் வருமே என்று அஞ்சுகிறவர்களுக்கு: வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வள்ளத்தின் பின்பாதியில் இருங்கள், அடிவானத்தைப் பாருங்கள், குனிந்து இரை வெட்டும் வேலையை முதல் நாள் இன்னொருவரிடம் விடுங்கள். மாத்திரை போடுவதானால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். மயக்கம் வந்தபின் போட்டுப் பயனில்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஓடும் வள்ளத்தின் பின்னால் தூண்டிலை இழுத்து அறக்குளாவும் சீலாவும் பிடிக்கும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அந்த இரண்டுக்கும் பல் கூர்மையானது, தூண்டிலுக்கு மேல் ஒரு முழம் கம்பி நூல் இல்லாவிட்டால் தங்கூசியை நறுக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஆழத்திலிருந்து விரைவாக இழுத்த கலவாய்க்கு வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். சிறு மீன்தானே, திரும்ப விடுவோம் என்று கடலில் போட்டாலும் அது கீழே போக முடியாமல் மிதந்து சாகும். ஆகவே சிறு கலவாய்கள் வரத் தொடங்கினால், அந்த இடத்தை விட்டு வள்ளத்தை நகர்த்தச் சொல்லுங்கள்.

மற்றது ஐஸ். சூரை, அறக்குளா போன்ற மீன்களை வெயிலில் வள்ளத்தின் தட்டில் கிடக்க விட்டால், அவற்றின் தசையில் ஹிஸ்ரமின் என்னும் பொருள் உண்டாகிறது. அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அந்தப் பொருள் அழியாது. அதனால் மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸைக் கரையிலேயே பெட்டியில் நிரப்பி ஏற்றுங்கள். பிடித்த உடனேயே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, கடல்நீரில் அலசி, வயிற்றுப் பக்கம் கீழே இருக்கும்படி ஐஸுக்குள் புதைத்துவிடுங்கள். மீனை உள்ளே வைப்பதற்கன்றி, கரைக்கு வரும்வரை பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டாம்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.