ஏலத்துக்கு வந்த வெள்ளை உடை

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஏப்ரல் கடைசியில் ஒரு சினிமா உடையை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 'ரஸ்தம்' என்ற இந்திப் படத்தில் கடற்படை அதிகாரியாக நடித்தபோது போட்டிருந்த வெள்ளை உடையை நடிகர் அக்‌ஷய் குமார் ஏலத்துக்கு விட்டார். வரும் பணம் விலங்குகளைக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளைக்குப் போகும் என்று அவரும் அவர் மனைவி ட்விங்கிள் கன்னாவும் அறிவித்தார்கள். அந்தப் படத்துக்காகத்தான் முந்தைய ஆண்டு அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால் ஏலத்தில் நல்ல விலை போகும் என்று நம்பியிருப்பார்கள். ஆனால் கிளம்பியது கோபம். முன்னாள் படைவீரர்கள் பலர் கொதித்தார்கள், வக்கீல் நோட்டீஸ் போனது. ஒரு ராணுவ அதிகாரி, ட்விங்கிள் கன்னாவின் மூக்கை உடைப்பேன் என்கிற அளவுக்கு ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டார்.

அந்த வீரர்களின் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். படையில் சீருடையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதில்லை. தோளில் ஒரு தங்கப் பட்டை கூடுவதற்கு வருடக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். நெஞ்சில் இருக்கும் வண்ண நாடாவைப் பார்த்தே, இவர் எந்தப் போரில் இருந்தார், எங்கே பணியாற்றினார் என்று இன்னொரு வீரர் சொல்லிவிடுவார். பணியில் உயிர் விட்டவரின் வீட்டாரிடம் தேசியக் கொடியோடு அவருடைய சீருடையையும் மடித்துக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு மடிப்பைக் கையில் வாங்கிய குடும்பத்துக்கு, ஏலம் என்ற பேச்சே சுருக்கென்று தைக்கும்.

சரி, ஆனால் ஏலத்துக்கு வந்தது சீருடைதானா? படத்தின் கதை, 1959-இல் பம்பாயை உலுக்கிய கமாண்டர் நானாவதி வழக்கைத் தழுவியது; மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியின் வழக்கு அது. அவர் ஐ.என்.எஸ். மைசூர் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி. படத்திலோ, 1959-க்கு எத்தனையோ வருடம் கழித்து வந்த பதக்கங்களின் நாடாக்கள் கதாநாயகனின் நெஞ்சில் இருக்கின்றன. படம் வந்த 2016-லேயே விஷயம் தெரிந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த நாடாக்களோடு 1959-இல் ஒரு கடற்படை அதிகாரி நின்றிருக்கவே முடியாது. அது படப்பிடிப்புக்காகத் தைத்த காஸ்ட்யூம். அந்தத் தையல்காரருக்கு வேண்டியது கேமராவில் எடுப்பாகத் தெரியும் ஒரு வெள்ளை உடை, அவ்வளவுதான்.

சட்டமும் நோக்கத்தைத்தான் பார்க்கிறது. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையை அணிந்தால் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம். நடிகர் நடித்ததிலோ, அந்த உடையை ஒரு ரசிகர் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதிலோ அப்படிப்பட்ட ஏமாற்று எண்ணம் எங்கே இருக்கிறது?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதற்கப்புறம்தான், ராணுவ பாணி உடைகளைப் போடாதீர்கள், கண்டவர்களுக்கு விற்காதீர்கள் என்று பொதுமக்களையும் கடைக்காரர்களையும் ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022-இல் புதிய போர்ச் சீருடை வந்தபோது, அதன் வடிவமைப்பு உரிமையையே ராணுவம் பதிவு செய்து வைத்தது. அப்படியும் டெல்லி கன்டோன்மென்ட் என்ற ராணுவப் பகுதியின் கடைகளில் அந்தத் துணி விற்பதைத் தடுக்கப் போலீஸோடு சேர்ந்து இறங்க வேண்டியிருந்தது. நடிகர் வீட்டு அலமாரி மேல் காட்டிய கோபத்தில் பாதியை இந்தக் கடைத்தெருக்கள் பக்கம் திருப்பியிருந்தால் நாட்டுக்குப் பயன் இருந்திருக்கும்.

அந்த ராணுவ அதிகாரி ஃபேஸ்புக்கில் விடுத்த மிரட்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட நாய்க்கும் மாட்டுக்கும் பணம் திரட்டப் போன ஒரு பெண்ணை, ரத்தம் வர அடிப்பேன் என்று பொதுவெளியில் எழுதுவது சீருடைக்குத்தான் இழுக்கு. சட்டப்படி பார்த்துக்கொள்கிறேன் என்று ட்விங்கிள் கன்னா பதில் சொன்னார். சரியாகவே சொன்னார்.

ஏலம் விட்டவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தோள்பட்டையையும் நாடாக்களையும் கழற்றிவிட்டு, படத்தில் பயன்படுத்திய உடை என்று தெளிவாக எழுதி, வெறும் சட்டையையும் கால்சட்டையையும் ஏலத்தில் வைத்திருக்கலாம். வாங்க வருகிறவர் நடிகருக்காகத்தான் வருகிறார், விலை குறைந்திருக்காது. இனி படையுடை தைத்துப் படம் எடுப்பவர்கள், படப்பிடிப்பு முடிந்த கையோடு அந்தச் சின்னங்களைப் பிரித்து வாங்கி வைத்துவிட வேண்டும். ஒரு கத்தரிக்கோலும் பத்து நிமிடமும் போதும்.

நன்றி, வணக்கம்.